படத்தில் வாட்டத்தைக் காணோம்

அன்புள்ள ராமு,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்குத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். வாத்தியார் மாறவேயில்லை. நீ அனுப்பிய வீட்டு வரைபடத்துக்கு வருகிறேன்.

மொட்டை மாடியின் பெருமையைக் கல்யாணத் தரகர் மாதிரி ஒரு பக்கம் அளந்திருக்கிறாய். தொட்டி வைக்கலாம், சூரியத் தகடு பதிக்கலாம், ஏறிப் பழுது பார்ப்பது சுலபம், அஸ்திவாரம் தாங்கினால் பின்னால் இன்னொரு மாடி எழுப்பலாம். எல்லாம் சரி, தண்ணீர் வடிய வேண்டிய சரிவு, அந்த வாட்டம் எங்கேடா? தளத்தை மட்டமாக வரைந்து, ஒரே ஒரு மழைநீர்க் குழாய்!

கட்டி முடித்தபின் 80-க்கு 1 வாட்டமாவது நிற்க வேண்டும். அதற்கு இப்போதே 40-க்கு 1 என்று வரை. ஆறு மீட்டருக்கு 15 செ.மீ. இறக்கம். தளம் தன் எடையில் கொஞ்சம் தொய்யும், பூச்சிலும் ஏற்ற இறக்கம் வரும், பாதி வாட்டம் அதிலேயே போய்விடும். தேங்கும் தண்ணீர் ஒவ்வொரு செ.மீ. ஆழத்துக்கும் சதுர மீட்டருக்கு 10 கிலோ. அந்த எடையில் தளம் தொய்யும், தொய்ந்த இடத்தில் இன்னும் தேங்கும். பிறகு ஈரக் கசிவு, தளத்துக்குள் இருக்கும் கம்பியில் துரு. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் அடிப்பக்கம் பெயர்ந்து விழும். விளையாட்டில்லை, கீழே ஆள் படுத்திருப்பார்கள்.

ஒழுக்கு பெரும்பாலும் கைப்பிடிச் சுவரின் அடியிலும் குழாய்த் துளையிலும்தான் தொடங்கும். அந்த மூலையைக் கலவையால் சரித்துப் பூசி, நீர்காப்புப் படலத்தை முடித்த தளத்துக்கு மேல் 15 செ.மீ. சுவரில் ஏற்று. குழாய் இரண்டு வை. இரண்டும் இலை அடைத்துக்கொண்டால் வழிய, கதவு நிலைப்படியைவிடத் தாழ்வாகச் சுவரில் ஒரு துளை. ஓடு பதிக்குமுன் பாத்தி பாத்தியாகக் கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்.

அப்புறம் வெயில். 30 டிகிரி ஏறினால் 10 மீட்டர் தளம் சுமார் 3 மி.மீ. நீளும். சுவர் அதோடு நகராது, தளத்தை ஒட்டிக் கிடையாக வெடிக்கும். வெப்பக்காப்பைத் தளத்தின் அடியில் ஒட்டினால் அறை தப்பிக்கும், தளம் வேகும். மேலே போடு, மேற்பரப்பு வெள்ளையாக இருக்கட்டும்.

தங்கச்சி கேட்கும் மாடித் தோட்டம்? 30 செ.மீ. ஈரமண் சதுர மீட்டருக்கு அரை டன் வரும். தளம் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போடுபவரிடம் இப்போதே சொல்லிவிடு.

வாட்டத்தை அம்புக்குறியிட்டு மறுபடி அனுப்பு. அதுவரை கம்பி கட்ட ஆள் கூப்பிடாதே.

உன்,
சேகர்