வீட்டுச் சந்திப்பு: இனி முறைப்பட்டியல் இல்லை

அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

இந்த மாதம் முதல் நோயாளிகள், முதியோரைப் பார்க்கப் போவதற்கு முறைப்பட்டியல் போடப் போவதில்லை. காரணம் நான்தான். போன மாதம் 'என் முறை' என்பதற்காகவே ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். பத்து நிமிடத்தில் மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். "வேலை இருந்தா கிளம்புப்பா" என்றார். வெட்கமாகிவிட்டது. அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யத்தான் பவுல் சொல்கிறார் (கலாத்தியர் 5:13), முறை வைத்து அல்ல.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஆலய வளாகத்தில் கூடுவோம். அதற்கு முன்:

1. யோவான் 13:1-17 வாசித்துவிட்டு வாருங்கள். இயேசு சீஷர்களின் கால் கழுவிய அந்தப் பந்தியில், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் இருந்தான்.
2. மனதார யாரைப் பார்க்க விரும்புகிறீர்களோ, அவர் பெயரை எனக்குத் தனியே அனுப்புங்கள்.
3. சோர்ந்திருப்பவர்கள் 'இந்த மாதம் இல்லை' என்று எழுதலாம். காரணம் கேட்க மாட்டேன். இயேசுவை வீட்டில் உபசரித்த மார்த்தாளும் வேலைப் பளுவில்தான் அவரிடம் முறையிட்டாள்.
4. வண்டி இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளி இரவு 8 மணிக்குள் பதில் தேவை. வெறும் கட்டைவிரல் போட்டால் வருகிறீர்களா, இல்லையா என்று எனக்குப் புரிவதில்லை. தயவுசெய்து ஒரு வரி எழுதிவிடுங்கள்.