நிழலை நகர்த்தி வைத்த ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பு உறவுகளே,

சைக்கிளில் போய் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்ட கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்தச் சிசிலித் தீவில், பலெர்மோத் தமிழ்ச் சனத்துக்குள் ஒரு விசயம் பரவ எவ்வளவு நேரம் எடுக்கும்? எனக்கு மயக்க மருந்து தெளியமுன்னே சாவகச்சேரியிலிருந்து சின்னம்மா அழுதுகொண்டு போன் எடுத்துவிட்டார். நேற்று டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தொடையெலும்பு பொருந்திவிட்டது, இனி ஊன்றுகோலை ஒரு பக்கம் வைக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் குசினிக்கும் பல்கனிக்கும் இடையில் நடந்து பார்த்தேன். அம்மா கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அந்தச் சந்தோசம் ஆறமுன் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி, நான் விழுந்த இடமான கம்போரெயாலே என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருக்கு. பெயரைப் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் ஐயா என்றே எழுதுகிறேன்.

அந்தப் பக்கம் சைக்கிள் ஓடுகிறவர்களுக்குத் தெரியும். மேட்டுக்கு மேல் மேடு. அறுத்து முடிந்த கோதுமை வயல், திராட்சைத் தோட்டம், திரும்பவும் வயல். மரம் என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓகஸ்ட் கடைசி வெயிலில் கொடிகளுக்கு அடியில் ஒரு நாய்க்குட்டிக்குத்தான் நிழல் காணும். அன்றைக்கு சிரோக்கோ என்ற தெற்குச் சூட்டுக் காற்று வேறு. அம்புலன்ஸ் பாதை தேடிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்ற மண் பாதைக்குப் பெயர்ப்பலகையும் இல்லை, இலக்கமும் இல்லை. என்னை அசைக்கக்கூடாது என்று போனில் சொல்லிவிட்டார்கள். கூட வந்தவர்கள் சட்டையைக் கழற்றி எனக்கு மேலே விரித்துப் பிடித்தார்கள், அது காற்றில் நிற்கவில்லை.

அப்போதுதான் அவர் ட்ரக்டரில் வந்தார். பின்னால் இழுவைப் பெட்டி நிறைய ஷிரா என்கிற வைன் திராட்சை, காலையில் வெட்டியது. அறுத்த வயலுக்குள் இறக்கி என்னைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். இறங்கி வந்து என்னைப் பார்த்தார், பிறகு சூரியனைப் பார்த்தார். திரும்ப ஏறி, பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு எடுத்து, பெட்டியின் நிழல் என் முகத்திலும் நெஞ்சிலும் விழுகிற மாதிரி நிறுத்தினார். புகை என் பக்கம் வருகிறது என்று உடனே எஞ்சினை நிற்பாட்டினார். கொஞ்ச நேரத்தில் நிழல் விலகி வெயில் கண்ணில் குத்தத் தொடங்கும். ஒன்றும் சொல்லாமல் ஏறுவார், ஸ்ரார்ட் பண்ணி ஒரு முழம் நகர்த்துவார், நிற்பாட்டுவார், இறங்குவார். அம்புலன்ஸ் வரும்வரை இதுதான் அவர் வேலை.

நான் கண்ணை மூடிவிடக்கூடாது என்று இடையிடையே கதை கொடுத்தார். சிசிலிக் கிராமங்களில் புது ஆளைக் கண்டால் கேட்கிற கேள்விதான் முதலில் வந்தது: “நீ யாருடைய பிள்ளை?” எங்கள் ஊரிலும் அதேதானே. பலெர்மோவில் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் இன்னாருடைய பிள்ளை என்றேன். அம்மாவை நெடுநாளாகத் தெரிந்தவர் மாதிரித் தலையாட்டினார். பிறகு பாதையைப் பற்றிச் சொன்னார். திரத்சேரா என்று சொல்கிற இந்த மண் பாதைகள் ஆட்டு மந்தைகள் மலைக்கும் கடற்கரைக்கும் போய்வந்த பாதைகள். ராசா காலத்தில் 37.68 மீற்றர் அகலம் விட வேண்டும் என்று விதி இருந்ததாம். இப்போது ட்ரக்டர் ஒன்று போகத்தான் மிச்சம். மற்றதைப் பக்கத்துக் காணிக்காரர் உழுதுவிட்டாராம். அந்த ஆளைத் திட்டத் தொடங்கினார் பாருங்கள், அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வேலிச் சண்டை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கை இடித்த பூகம்பத்தைப் பற்றியும் ஏதோ சொன்னார், எனக்குப் பாதிதான் ஏறியது. நாங்கள் அன்றைக்குப் பார்க்கப் போனதும் அதில் அழிந்த பழைய ஜிபெல்லினாவைத்தான்: அல்பெர்த்தோ புர்ரி என்ற கலைஞர் இடிபாடுகளின் மேல் வெள்ளைச் சீமெந்தை ஊற்றி, தெருக்களை மட்டும் வெடிப்புகளாக விட்டுவைத்த இடம். பாக்கியாகவே இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம்.

அவருடைய பெட்டிக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. வெட்டிய திராட்சை காத்திருக்காது. மேல் குலைகளின் பாரத்தில் அடியில் உள்ளவை நசியும், சாறு கசியும், அந்த வெயிலில் அது தானாகவே நுரைத்துப் புளிக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் வெயில் ஏறமுன் வெட்டி முடிக்கப் பார்க்கிறார்கள். சில தோட்டங்களில் விளக்குப் போட்டு இரவிலேயே வெட்டுகிறார்கள். பிறகு கூட்டுறவு வைன் ஆலை வாசலில் ட்ரக்டர் வரிசை. பழத்தின் இனிப்பையும் நிலைமையையும் பார்த்துத்தான் விலை. வருசம் முழுக்கப் பாடுபட்ட காசு அந்தப் பெட்டியில் வெயிலில் நின்றது, நான் அதன் நிழலில் கிடந்தேன். பெட்டியின் ஒரு மூலையால் சிவப்புச் சாறு சொட்டி, என் கைக்குப் பக்கத்துப் புழுதியில் தேங்கியது. குளவிகள் மொய்த்தன. அம்புலன்ஸ் பெடியன்கள் தூரத்திலேயே அதைக் கண்டு, இரத்தம் என்று நினைத்து, ஓட்டமாய் ஓடி வந்தார்கள்.

அன்றைக்கு வரிசையின் கடைசியில் நின்று, இருட்டின பிறகுதான் இறக்கினாராம். அவருடைய மகள் சொன்னார். விலையில் எவ்வளவு வெட்டினார்கள் என்று அவரிடமே போனில் கேட்டேன். அதை விடு, என்னிடம் கிடக்கிற உன் சைக்கிளை எப்போது எடுக்கிறாய் என்றார். இப்போதைக்கு ஏலாது என்றதும், கழுவித் துடைத்து, தன் வான் வண்டியில் ஏற்றி, பலெர்மோவுக்கே கொண்டுவந்து தந்தார். இடது சப்பாத்து பெடலில் பூட்டியபடியே வந்தது. அதை எப்படிக் கழற்றுவது என்று பிடிபடவில்லையாம்.

மற்றவர்களை ஒரேயடியாகச் சேர்த்துச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தார் ரோட்டு வரை ஓடிப்போய் அம்புலன்ஸை மறித்துக் கூட்டிவந்த நண்பன், அந்த மேடு பள்ளத்தில் காலை அசையவிடாமல் பிடித்து வந்தவர்கள், சத்திரசிகிச்சை செய்தவர்கள், இரவு வேலையில் வந்து தலைமாட்டில் நின்று தமிழில் இரண்டு கதை கதைத்துவிட்டுப் போன அக்கா, முறை வைத்துச் சோறும் கஞ்சியும் கொண்டுவந்த குடும்பங்கள். செப்டெம்பர் 3 இரவு எனக்காக பெல்லெக்ரீனோ மலைக் கோயிலுக்கு ஏறியவர்களுக்குத் தனியாகக் கும்பிடு. 1624 கொள்ளைநோயிலிருந்து இந்த ஊரைக் காப்பாற்றியவர் என்று பலெர்மோக்காரர் நம்புகிற சாந்தா ரொசாலியாவிடம் எங்கள் சனமும் எப்போதோ உரிமை எடுத்துக்கொண்டுவிட்டது. அம்மா முருகனுக்கும் நேர்ந்திருக்கிறார். யாருக்கு எந்தக் கணக்கு என்பதை அவர்களே பேசித் தீர்க்கட்டும்.

திரும்ப ஓடுவாயா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஓடுவேன். மாமாவுக்கு இது பிடிக்காது. “வன்னியில கிறவல் ரோட்டில அரிசி மூட்டையோட ஓடினனாங்கள், அதுக்கு இவ்வளவு காசு குடுத்துத் தனிச் சைக்கிளோ?” என்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மேடுகளில் ஏறி இறங்கும்போது கிடைக்கும் அமைதி வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஐயாவுக்கு என்ன கைம்மாறு செய்வது என்பதுதான் பெரிய தலையிடியாக இருந்தது. காசு வாங்க மாட்டார். அடுத்த வருசம் வந்து திராட்சை வெட்டித் தருகிறேன் என்றேன். பதியாமல் ஆளை வைத்தால் தண்டம் கட்ட வேண்டி வரும், பேசாமல் இரு என்றார். கடைசியில் அவர் வாயாலேயே ஒன்று வந்தது. ஒவ்வொரு மாரிக்கும் அந்தக் களிமண் பாதை அரித்துப் பள்ளம் விழுகிறதாம், தனி ஆளாக நின்று கல் போட்டு நிரப்புகிறாராம்.

சரி, அது எங்களுக்குத் தெரிந்த வேலைதானே. மழை ஓய்ந்து மண் காய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் வைக்கப்போகிறோம். என்னோடு சைக்கிள் ஓடுகிறவர்கள் எல்லோரும் வருகிறார்கள். கேட்க வேண்டிய இடத்தில் அனுமதி கேட்பதை ஐயா பார்த்துக்கொள்கிறார். கிறவல் பரவுவதில் இங்கே ஒருவருக்கும் அனுபவம் இல்லை என்று மாமாவும் வருகிறார், மேற்பார்வைக்கு. வர விரும்புகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். மண்வெட்டி, தொப்பி, தண்ணீர் உங்கள் பொறுப்பு. சாப்பாடு தன் வீட்டில்தான் என்று ஐயா சொல்லியிருக்கிறார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை, ஆகவே இரண்டு சாப்பாட்டுக்கும் வயிற்றில் இடம் வைத்து வாருங்கள்.