பைப் ஆர்கன் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த சபையாருக்குத் திருப்பணிக் குழுவின் தோத்திரங்கள். நம் ஆலயத்துப் பைப் ஆர்கன் பழுது நீங்கி ஆராதனைக்குத் திரும்பிவிட்டது. துருத்திக்குப் புதுத் தோல் ஒட்டப்பட்டது. விசைப்பலகையும் மிதிகட்டைகளும் சீராயின.

குறைந்த தொகை கேட்டவரை விட்டு, தலைமுறைகளாக ஆர்கன் கட்டிவரும் குடும்பப் பட்டறைக்கு வேலையைக் கொடுத்தது ஏன் என்று பொதுக்கூட்டத்தில் கேட்கப்பட்டது. நம்முடையது கூம்பு வால்வுக் காற்றுப்பெட்டி, அதாவது குழல்களுக்குக் காற்றை அனுப்பும் பெட்டியில் ஒவ்வொரு குழலின் அடியிலும் கூம்பு வடிவத் தனி வால்வு உண்டு. ஜெர்மனியில் இம்முறையை 1840களில் பரவச்செய்த ஆர்கன் கட்டுநர் எபர்ஹார்ட் வால்கரின் தந்தை 1780இல் கான்ஷ்டாட்டில் தொழில் தொடங்கியவர். மகன் 1820இல் லுட்விக்ஸ்பர்க்கில் பட்டறை நிறுவினார். 1872இல் அவர் மறைந்தபின் பிள்ளைகள் தொடர்ந்தார்கள். இப்படித் தலைமுறை வழியாக வரும் இத்தொழிலில் அளவுகளை ஏட்டில் எழுதிவைக்கலாம், கைப்பக்குவத்தை எழுதிவைக்க முடியாது. நாம் அமர்த்திய பட்டறையின் பெரியவர் கம்மிய குழல் ஒன்றை வாயில் வைத்து ஊதிப் பார்த்து, அரத்தை எடுத்த பேரனைத் தடுத்து, உள்ளே படிந்த அழுக்கை மட்டும் நீக்கச் சொன்னார். குழலின் வாய்வெட்டை, அதாவது ஒலி பிறக்கும் வாய்த்திறப்பின் உயரத்தை, அரத்தால் ஒருமுறை உயர்த்திவிட்டால் பழைய நாதம் திரும்பாது. அந்தத் தடுத்த கைக்காகவே கூடுதல் தொகை கொடுத்தோம். அம்முடிவில் குழு உறுதியாக நிற்கிறது.

நான்கு மாதத் தாமதத்துக்குப் பட்டறையார் காரணமல்லர். குழல்கள் திரும்புமுன் விதானப் பூச்சை முடித்துத் தருவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பூச்சு ஒப்பந்ததாரர், மூன்று முறை தவணை கேட்டு, குழல்களைப் பொருத்திய பிறகே சாரம் கட்டினார். மூடிவைக்கும்படி எழுத்தில் கொடுத்திருந்தும், துணி விரிக்காமலே விதானத்தைத் தேய்த்தார். காகிதத் தடிப்புள்ள காற்றிடுக்குகளில் வெண்தூள் இறங்கி, சிறு குழல்கள் சீறினவே தவிரப் பாடவில்லை. அனைத்தையும் மறுபடி இறக்கித் தூரிகையால் துடைக்க வேண்டியதாயிற்று. அதற்கான கூலியை அவருடைய இறுதித் தவணையில் பிடித்துக்கொண்டோம். சபைப் பணம் இருமுறை செலவாகவில்லை. அவர் ஆலய முற்றத்தில் எங்களைப் பேசிய பேச்சைச் சகித்துக்கொண்டோம். ஆனால் அதைக் கேட்டுவிட்டுச் சிலர் எங்களையே சந்தேகித்தது வேதனை தந்தது.

பாடகர் குழுவினர், பெண்கள் ஐக்கியத்தார், வாலிபர் சங்கத்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், தாயின் நினைவாக மிதிகட்டைகள் முழுவதையும் ஏற்றுப் பெயர் வேண்டாமென்ற சகோதரி ஆகிய அனைவருக்கும் நன்றி. ரசீதுகளும் ஒப்பந்த நகலும் கடிதங்களும் ஆராதனைக்குப் பின் ஆலய அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும்.