முதுகையும் படமெடுங்கள்: பறவைப் படக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். குளிர்கால வலசைப் பறவைகள் வந்து இறங்கியதும் பறவைக் குழுக்களில் ஒரு படம் கட்டாயம் வந்துவிடும். கிளை நுனியில் நம்மை நேராகப் பார்க்கும் குட்டிப் பறவை, தொண்டையில் ஆரஞ்சு, கண்ணில் ஒளிப்பொட்டு, பின்னணி முழுக்க மங்கல். கீழே, “டைகா ஈபிடிப்பான், அபூர்வம்!” என்று ஒரு வரி. எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் தட்டுவேன், படம் அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் இ-பேர்ட் (பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளம்) பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர்களில் ஒருத்தியாக உட்கார்ந்து அதே படத்தைப் பார்க்கும்போது, அது டைகாதானா என்று பல நேரம் சொல்ல முடிவதில்லை.

தமிழ்நாட்டுக்கு வரும், டைகாவைப்போலவே தெரியும் ஈபிடிப்பான்களில் செம்மார்பு ஈபிடிப்பான்தான் வழக்கமான விருந்தாளி. ஐரோப்பாவில் கூடு கட்டும் வலசைப் பறவைகளில் பல குளிருக்கு ஆப்பிரிக்காவை நோக்கிப் போக, இதுவோ தென்கிழக்கே திரும்பி நம் பக்கம் வருகிறது. சைபீரியக் காடுகளிலிருந்து கிளம்பும் டைகா ஈபிடிப்பான் அதிகமும் வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் தங்கிவிடும், இங்கே குறைவு. நீலகிரி போன்ற உயரமான இடங்களில் காஷ்மீர் ஈபிடிப்பானும் கணக்கில் சேரும். வடமேற்கு இமயத்தில் மட்டும் கூடு கட்டி, குளிருக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கை மலைநாட்டுக்கும் வரும் பறவை அது. அதைப் பார்ப்பதற்காகவே நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவுக்குப் போகிறவர்கள் உண்டு. மூன்றும் உருவத்தில் ஒரே அச்சு. மூன்றிலும் ஆணுக்குத் தொண்டையில் ஆரஞ்சு உண்டு. பெண்ணும் இளம்பறவையும் பழுப்பாக, ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாததுபோல் இருக்கும்.

சரி, எப்படித்தான் பிரிப்பது? முதுகுப் பக்கம் பாருங்கள். இந்தப் பறவைகளுக்கு வாலை வெடுக்கென்று தூக்கும் பழக்கம் உண்டு. தூக்கும் நேரத்தில் இறக்கைகள் சற்றுத் தொங்கும், வால் தொடங்கும் இடம் தெரியும். அங்கே வாலின் மேல் படிந்திருக்கும் நீண்ட இறகுகள் டைகாவில் கன்னங்கரேல் என்று, வாலைவிடவும் கறுப்பாக இருக்கும். செம்மார்பில் அவை வாலைவிட வெளிறி, சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து அலகையும் எடுங்கள். டைகாவின் அலகு ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு, செம்மார்பின் கீழலகு அடியில் வெளிறியிருக்கும். காஷ்மீர் ஆணின் ஆரஞ்சு இன்னும் அடர்த்தி, தொண்டை ஓரத்திலும் மார்போரத்திலும் கறுப்புக் கரை கட்டியிருக்கும். முதுகும் அலகும் சேர்ந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் நம் படங்களில் பத்துக்கு ஒன்பது முன்பக்கப் படங்கள். பறவை திரும்பி முதுகைக் காட்டினால் கேமராவைக் கீழே இறக்கிவிடுகிறோம். தப்பித்தவறி முதுகு விழுந்திருந்தாலும், அன்று இரவே ‘சரியா வரல’ என்று அழித்துவிடுகிறோம்.

உங்களிடம் கேட்பது இதுதான்: அந்த மோசமான படங்களை அழிக்காதீர்கள். மங்கலானாலும், இலை மறைத்தாலும், பறவை பாதி வெளியே போயிருந்தாலும், வாலடி (வால் தொடங்கும் இடத்தின் மேல்பக்கம்) தெரிந்தால் போதும். அழகான படத்தை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், பதிவோடு இதையும் சேர்த்து ஏற்றுங்கள். வண்ணத்தைத் தூக்கிக் காட்டும் திருத்தம் எதுவும் இல்லாத படமாக இருக்கட்டும். சாம்பலும் பழுப்பும் எது என்று பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் திருத்தம்கூட ஆளை ஏமாற்றிவிடும்.

அடுத்தது தேதி. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், தேதியில் என்ன இருக்கிறது என்று. இந்தப் பறவையில் தேதியே ஓர் அடையாளம். டைகா ஆண் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆரஞ்சை இழந்துவிடும். குளிர்காலத்தில் அது பெண்ணைப்போலவே இருக்கும். திரும்பிப் போகும் காலம் நெருங்கும்போதுதான் தொண்டை மறுபடி நிறமேறும். செம்மார்பு ஆணோ வளர்ந்த பிறகு வருடம் முழுக்க ஆரஞ்சோடு இருக்கும். ஆக, டிசம்பரில் பளிச்சென்ற ஆரஞ்சுத் தொண்டையைப் பார்த்தால் முதலில் நினைக்க வேண்டியது செம்மார்பு. மார்ச்சில் அதே தொண்டையைப் பார்த்தால் டைகாவுக்கும் வாய்ப்பு உண்டு. டிசம்பரில் எடுத்த படத்தை மார்ச்சில் ஏற்றி, ஏற்றிய தேதியையே கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், குரல். செம்மார்பும் டைகாவும் ‘டர்ர்ர்’ என்றுதான் சத்தம் கொடுக்கும். சீப்பின் பற்களில் நகத்தை மெதுவாக இழுத்தால் வருவது செம்மார்பின் சத்தம், வேகமாக இழுத்தால் டைகா. காதுக்குப் பிடிபடாவிட்டாலும், பதிவு செய்த ஒலியை ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியைப் படமாக வரைந்து காட்டுவது) போட்டால் துடிப்புகளின் வேகம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதற்குப் பெரிய மைக் எதுவும் வேண்டாம். கைபேசியை நீட்டி, அசையாமல் அரை நிமிடம் பேசாமல் நின்றால் போதும். (பேசாமல் நிற்பதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம்.) குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி என்ன சொன்னது என்பது சான்று ஆகாது. அந்த ஒலிப்பதிவுதான் சான்று, அதை ஏற்றுங்கள். ஆனால் பறவையை வரவழைக்க அதன் குரலையே ஒலிக்கவிட வேண்டாம். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடும் பறவை, இல்லாத எதிரியைத் துரத்திக்கொண்டிருக்கக் கூடாது.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. முன்பு டைகாவைத் தனி இனமாகவே வைத்திருக்கவில்லை, செம்மார்பின் துணையினம் என்றுதான் சேர்த்திருந்தார்கள். பிறகு பிரித்தபோது, ‘செம்மார்பு ஈபிடிப்பான், ஒன்று’ என்று மட்டும் எழுதிய பழைய குறிப்புகளை எந்தப் பக்கம் சேர்ப்பது? வாலடி கறுப்பு என்று யாராவது ஒரு சொல் எழுதி வைத்திருந்தால் அந்தக் குறிப்பு பிழைக்கும். இன்று ஒரே இனம் என்று நினைப்பதை நாளை இரண்டாகப் பிரிப்பார்கள், அப்போது நம் படங்களுக்கும் இதே கதிதான்.

இ-பேர்டில் அபூர்வப் பறவையைச் சேர்த்தால் விவரம் கேட்கும். அங்கே ‘கண்ணால் பார்த்தேன், உறுதி’ என்று எழுதுகிறவர்கள் அதிகம். பார்த்ததை எழுதுங்கள்: எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, வாலடி என்ன நிறம், எதோடு ஒப்பிட்டு எதை விலக்கினீர்கள். நான்கு வரி போதும். பதிவு ஏற்கப்படவில்லை என்றால் உங்களை நம்பவில்லை என்று அர்த்தம் இல்லை, பார்க்காத ஒருவருக்கு அந்தச் சான்று போதவில்லை, அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு பதிவையே நீக்கிவிடாதீர்கள். முடிவு செய்ய முடியாத பறவையை ‘செம்மார்பு அல்லது டைகா’ என்று போடுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

போன பருவத்துப் படங்கள் இன்னும் உங்கள் வன்தட்டில் இருக்கும். இடம் போதவில்லை என்று அழிக்கும் முன் ஆரஞ்சுத் தொண்டைக்காரர்களின் கோப்புறையை ஒருமுறை திறந்து, வாலடி தெரியும் படம் ஏதாவது இருந்தால் எடுத்த தேதியோடு பதிவில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பதிவுகளைப் பார்க்கும் தன்னார்வலர்களில் ஒருத்தி