சுண்டல் வேகாததற்கு ஆப்ப சோடா மருந்தன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவராத்திரியை முன்னிட்டுத் தங்கள் நாளிதழின் சமையல் பக்கத்தில் வெளிவந்த சுண்டல் குறிப்புகளை வாசித்தேன். அளவும் தாளிப்பும் குறை சொல்ல இடமின்றி இருந்தன. ஆனால் கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு ஆகிய மூன்றுக்கும் பொதுவாக, வேகாவிட்டால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேர்க்கலாம் என்று ஒரே வரியில் முடித்திருந்தது சரியாகப் படவில்லை. சோடா போட்டால் கடலை மெத்தென்று ஆகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கடலையை அப்படி இளக்கும் சோடாவின் காரத்தன்மையே (புளிப்புக்கு எதிரான தன்மை) பயற்றிலுள்ள வைட்டமின் பி1 சத்தைச் சிதைத்துவிடுவதோடு, கை சற்றுக் கூடினால் தோலைக் கழற்றி, வாயில் சவர்க்கார வாடையையும் தங்கவைத்துவிடுகிறது. சுண்டலுக்குக் கடலை மலர வேண்டுமே தவிர குழையக் கூடாது.

சென்ற ஆண்டு கொலுவின் மூன்றாம் நாள், முந்தைய இரவே ஊறவைத்த அரைக் கிலோ கொண்டைக்கடலை, குக்கரில் எட்டு விசில் வந்த பிறகும் பல்லில் நறுக்கென்று கடிபட்டது. வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்களுக்கு அன்று அவசரமாகப் பாசிப்பருப்புச் சுண்டல் செய்து கொடுத்துச் சமாளித்தேன். முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்த எனக்கு இதை அப்படியே விட மனம் வரவில்லை. மறுநாள் அதே பொட்டலத்தில் மீதமிருந்ததை இரண்டு கிண்ணங்களில் பிரித்து, ஒன்றைச் சிறுவாணி அணையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் குடிநீரிலும் மற்றொன்றை எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் ஊறவைத்து, அந்தந்தத் தண்ணீரிலேயே வேகவைத்தேன். கிணற்றுத் தண்ணீரில் வெந்தது முதல் நாளைப் போலவே விறைத்திருந்தது. சிறுவாணித் தண்ணீரில் வெந்தவற்றுள் பெரும்பாலானவை விரலால் நசுக்கினால் மாவாகின. ஆயினும் ஒரு கைப்பிடி அளவு அதிலும் வேகாமல் நின்றது.

கோவையில் குடிக்கும் தண்ணீரை நல்ல தண்ணீர் என்றும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை உப்புத் தண்ணீர் என்றும் சொல்கிறோம். அந்த உப்பில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுதி. பயற்றின் அணுவறைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை வெந்நீரில் கரைந்தால்தான் பயறு மிருதுவாகும். சுண்ணாம்புச் சத்து அந்தப் பசையோடு பிணைந்து அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகிறது. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. எனவே குடிக்க ஏற்றதாகக் கருதப்படும் தண்ணீரும் பயறு வேகவைக்க ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல தண்ணீர் கிடைக்காதவர்கள் கொதிக்கவைத்து ஆறவைத்து, அடியில் வெள்ளையாகப் படிவதை விட்டுத் தெளிவை இறுத்துப் பயன்படுத்தினால் ஓரளவு பயன் உண்டு. புளியும் பெக்டினைக் கரையவிடாது. பருப்பு வெந்த பிறகே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும் என்று நம் பாட்டிமார் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

உப்பு விஷயத்தில் மட்டும் அவர்கள் சொன்னதை நான் மாற்றிக்கொண்டேன். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் கல்லுப்பைக் கரைத்தால், உப்பிலுள்ள சோடியம் தோலிலுள்ள சுண்ணாம்புச் சத்தை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், தோல் இளகுகிறது. ஊறிய பின் அந்த நீரைக் கொட்டிக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும்; வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் கொட்டிய நீரோடு போய்விடும். ஊறியதா என்று பார்க்க மணி கணக்கிடுவதைவிட, ஒரு கடலையை நகத்தால் பிளந்து பார்ப்பது நல்லது. நடுவில் சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து உலர்ந்திருந்தால் இன்னும் ஊற வேண்டும்.

சிறுவாணித் தண்ணீரிலும் அந்த ஒரு கைப்பிடி ஏன் வேகவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை, சரக்கின் வயது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் நாள்பட இருக்கும் பயற்றில், அதில் இயல்பாகவே உள்ள ஃபைட்டிக் அமிலம் என்ற பொருள் சிதைந்து, அது பிடித்துவைத்திருந்த சுண்ணாம்புச் சத்து விடுபட்டு, உள்ளேயே பெக்டினை இறுக்கிவிடுகிறது. அத்தகைய பயற்றை எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. நம் நாட்டில் கொண்டைக்கடலை குளிர்காலப் பயிர். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடையாகிறது. ஆக, நவராத்திரிக்கு நாம் வாங்கும் உள்நாட்டுக் கடலைக்கு ஏறத்தாழ ஐந்து மாத வயதாவது ஆகியிருக்கும். முந்தைய ஆண்டின் சரக்காக இருந்தாலும் நமக்குத் தெரிய வழியில்லை. பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பது பொட்டலமிட்ட தேதியே; விளைந்த ஆண்டு அன்று. இரண்டாண்டு கிடங்கில் கிடந்ததையும் நேற்றுப் பொட்டலமிட்டால் அது புதுச் சரக்காகிவிடுகிறது. அறுவடை ஆண்டையும் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை விதிக்குமானால், சமையலறையில் வீணாகும் எரிவாயு கொஞ்சமாவது மிஞ்சும்.

குறிப்புகளில் சிவப்பு ராஜ்மாவும் இடம்பெற்றிருந்ததால் ஒன்றை அவசியம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்ற ஒருவகைப் புரதம், சரியாக வேகாவிட்டால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தளதளவென்று பத்து நிமிடங்களேனும் கொதிக்கவிட வேண்டும். குக்கரில் வைப்பவர்களுக்குக் கவலையில்லை. மிதமான சூட்டிலேயே பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பானைகளில் ஊறிய ராஜ்மாவை நேரடியாகப் போடுவதுதான் ஆபத்து, ஏனெனில் அரைகுறைச் சூட்டில் அந்த நஞ்சு அழிவதற்குப் பதிலாக வீரியம் கூடுகிறது.

அடுத்த முறை இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, சோடா பற்றிய அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு, எந்தத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பயறுக்கும் தனித்தனியே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கோயம்புத்தூர்.