அன்டியாக் மணல்மேட்டுக்கு இன்னும் மணல் வேண்டும்

கலிஃபோர்னியாவின் அன்டியாக் மணல்மேட்டுக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் மீன், வனவிலங்குத் துறையினருக்கு,

வணக்கம். நேராகவே கேட்டுவிடுகிறேன், ஆற்றில் தூர்வாரிய மணலைக் காப்பகத்துக்குள் கொட்டுகிறீர்களே, அதை நிறுத்திவிடாதீர்கள்.

சான் வாக்கீன் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் நூறடிக்கும் மேல் உயர்ந்து நின்ற மேடுகள் அவை. செங்கல் சூளைகளுக்கு வெட்டினார்கள். 1906 நிலநடுக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ இடிந்து எரிந்தபின் ஊரைத் திரும்பக் கட்ட இன்னும் வெட்டினார்கள். இன்று நம் கையில் இருப்பது, நடுவே ஒரு தொழிற்சாலையோடு இரண்டு துண்டாகக் கிடக்கும் ஏறக்குறைய 55 ஏக்கர்தான். அழியும் நிலையிலுள்ள செடிகளையும் பூச்சியையும் காக்கவென்றே அமெரிக்காவில் அமைந்த முதல் தேசியக் காப்பகம் இது, 1980இல்.

அந்தச் செடிகளில் ஒன்றான அன்டியாக் மாலைப் பிரிம்ரோஸைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சாம்பல் பூத்த பச்சை இலைகள், மணலில் படர்ந்து கிடக்கும் தண்டு, பொழுது சாயும்போது விரியும் பெரிய வெள்ளைப் பூ. நான்கே இதழ், நடுவில் சிலுவை போல நான்காகப் பிரிந்த சூல்முடி. மகரந்தம் தூளாக உதிராது, ஒட்டும் இழைகளில் கோத்ததுபோல் இருக்கும், தேன் குடிக்க வரும் அந்துப்பூச்சியின் உடம்பில் அப்படியே ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். மறுநாள் பூ இளஞ்சிவப்பாக வாடிவிடும். (அந்தியில் பூப்பதால் அந்திமந்தாரைக்குச் சொந்தம் என்று நினைக்கத் தோன்றும், இல்லை. நம் வயலோரத்து நீர்க்கிராம்புதான் இதன் குடும்பம்.)

செடிக்கு ஆயுசு கொஞ்ச வருஷம்தான், அதனால் விதை விழுந்து புதுச்செடி வந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு வெறும் மணல் வேண்டும், காற்றில் நகரும் பொலபொலவென்ற மணல். எங்கிருந்தோ வந்த புல்லும் முட்செடியும் அதை மூடிவிட்டால் நாற்றுக்கு இடமே இல்லை, கோடையில் அதே புல் காய்ந்து தீப்பிடிக்கவும் செய்கிறது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு வெற்று மணல் பொட்டல்காடாகத் தெரியலாம். பச்சையாக்கச் சொல்லி யாராவது கேட்டால் தயவுசெய்து இணங்காதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. மிதிபட்டும் தீப்பட்டும் போனதால் பொதுமக்களுக்கு மூடி வைத்திருக்கிறீர்கள், அது சரிதான். ஆனால் வசந்த காலத்தில் ஒரே ஒரு மாலை, பத்துப் பேரையாவது உங்கள் ஆட்களோடு உள்ளே கூட்டிப்போங்கள். பூ விரிகிற நேரத்துக்கு.