18446744073709551615: மலையகத்துக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சேர்மாரே, டீச்சர்மாரே.

ஹட்டனோ மஸ்கெலியாவோ இராகலையோ, சதுரங்கப் பலகைக் கதையை வகுப்பில் சொல்லாத கணித ஆசிரியர் குறைவு. முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று 64 கட்டமும் நிரப்பினால் ராஜாவின் களஞ்சியம் காலி, பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள், மணி அடித்துவிடுகிறது. எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது. மொத்த நெல்மணிகளைச் சொல்லும் 18446744073709551615 என்ற அந்த எண்ணைப் பார்த்து மலைப்பதோடு ஏன் விட்டுவிடுகிறீர்கள்? சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையே அதைக் கழற்றிப் பார்க்கலாமே.

மடக்கையில் தொடங்குங்கள். 2 இன் மடக்கை 0.3010, 64 ஆல் பெருக்கினால் 19.264, ஆகவே 20 இலக்கம். சரி, இது லேசான வேலை.

ருசி இருப்பது காரணியில். இந்த எண் 2⁶⁴−1, அதாவது இரு வர்க்கங்களின் வித்தியாசம், எனவே (2³²−1)(2³²+1). இதில் 2³²−1 என்பது பலகையின் முதல் பாதியில் விழுந்த நெல்மணிகள்! அதுவும் இரு வர்க்கங்களின் வித்தியாசம்தான், திரும்பவும் உடையும். இப்படியே உடைத்துக்கொண்டு போனால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஆறு எண்கள் மிஞ்சும். முதல் ஐந்தும் முதன்மை எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார், ஆனால் 1732இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். ஃபெர்மாவே சறுக்கிய இடம் என்று சொல்லிப் பாருங்கள், பின்வாங்குப் பிள்ளையும் பேனையை எடுக்கும்.

641 ஆல் நீள வகுத்துப் பார்க்கலாம்தான், ஆனால் அதைவிட அழகான வழி உண்டு. 641 என்பது 5×2⁷+1, அதுவே 5⁴+2⁴ உம் கூட. ஆகவே 641 ஆல் வகுக்கும்போது 5×2⁷ இன் மீதி −1 என்று எடுக்கலாம். நாலாம் வலுவுக்கு ஏற்றினால் 5⁴×2²⁸ இன் மீதி 1. இப்போது 5⁴ இருக்கிற இடத்தில் −2⁴ ஐப் போடுங்கள், −2³² இன் மீதி 1 ஆகிவிடும், அப்படியென்றால் 2³²+1 மீதியில்லாமல் வகுபடுகிறது. கல்குலேட்டரே வேண்டாம்.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று இன்னும் சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) கணக்கையும் கொழுந்து நிறையில் கழித்த கிலோவையும் மனதிலேயே பார்க்கிற அம்மாமார் வளர்த்த பிள்ளைகள் இவர்கள். பாஸ் பண்ண வைக்கிற கடந்தகால வினாத்தாள்களுக்கு நடுவில், கணித முகாமில் ஒரு பின்னேரத்தை இந்த எண்ணுக்கு ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கடைசியில் ஒரு கேள்வி கொடுங்கள்: இந்த எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள்? விடை 128. ஏன் 128 என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.